பக்கம் திரும்பி வந்தது, ஆட்கள் வரவில்லை

வாசகர் கேள்வி – பதில்

கிளிநொச்சியில் ஏ9 வீதியில் இருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் 2011 முதல் போன் திருத்தும் கடை நடத்துகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: பேஸ்புக் பக்கம் களவு போனது, வட்ஸ்அப் களவு போனது, இனி யாரை நம்புவது. அதனால் பற்றரி, திரை பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாலு வருடமாக பேஸ்புக் பக்கம் ஒன்று வைத்து ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் விற்கிறேன். கனடா, சுவிஸில் இருக்கும் ஆட்கள் காசு அனுப்ப, இங்கே அவர்களின் உறவுகளுக்குப் பொதி கொடுத்து விடுவேன். தை மாதம் யாரோ என் பக்கத்தைப் பிடித்து, "பிள்ளைக்கு ஒப்பரேஷன், அவசரமாகக் காசு வேணும்" என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் அனுப்பியும் விட்டார்கள். 11 நாளில் பக்கம் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஓர்டர் வருவதே இல்லை. நான் என்ன பிழை செய்தேன்?
– வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் இரண்டாம் தாளில் ஒரு வரி இருக்கிறது: "பக்கம் கிடைத்ததும் அவன் போட்டதை எல்லாம் அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த நாள் பனங்கட்டிப் படம் போட்டேன்." ஆட்கள் உங்களை விட்டு விலகியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ரொறன்ரோவில் இருந்து உங்களிடம் வாங்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, பிள்ளைக்கு ஒப்பரேஷன் என்று செய்தி வருகிறது. பதறுகிறார். காசு அனுப்புகிறார், அல்லது அனுப்ப வசதி இல்லையே என்று இரண்டு நாள் மனம் வருந்துகிறார். பிறகு யாரோ சொல்லித்தான் அது பொய் என்று தெரிகிறது. அப்புறம் 11 நாள் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று பனங்கட்டி. இப்போது எழுதுவது நீங்களா, அவனா? பிள்ளைக்கு உண்மையில் என்ன நடந்தது? அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உங்களைக் கள்ளி என்று நினைக்கவில்லை. எது நீங்கள் என்று கண்டுபிடிக்க வழி தெரியாமல் ஒதுங்கி நிற்கிறார்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். 2021இல் என் கடையின் வட்ஸ்அப் போனது. நன்றாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் எண்ணில் இருந்து, "அக்கா, தவறுதலாக உங்கட நம்பருக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று வந்திருக்கும், அனுப்பி விடுங்கோ" என்று செய்தி வந்தது. கடையில் ஐந்து பேர் நின்றார்கள். யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். அவருடைய கணக்கு முதல் நாளே களவு போயிருந்தது. அந்த ஆறு இலக்கம் என் வட்ஸ்அப்பின் சாவி. ஒரு மணித்தியாலத்துக்குள் என் பெயரில் ஊர் முழுக்கக் காசு கேட்டுச் செய்தி போனது. போன் திருத்துகிறவளே ஏமாந்துவிட்டாள் என்று ஊர் கதைக்குமே என்ற வெட்கத்தில் நாலு நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் ஓர் ஆசிரியை கடைக்கு வந்து, "நேற்று 15,000 ரூபா அனுப்பினேன், கிடைத்ததா?" என்று கேட்டார். முதல் நாளே நான் ஒவ்வொருவருக்கும் அழைத்துச் சொல்லியிருந்தால் அந்தக் காசு போயிருக்காது. கோட் கொடுத்ததில் நான் ஏமாந்தேன். பேசாமல் இருந்தது என் பிழை. அந்த ஆசிரியை இன்றைக்கும் ரீலோட் போட வேறு கடைக்குத்தான் போகிறார்.

அதனால், முதலில் காசு அனுப்பிய மூன்று பேருக்கும் அழையுங்கள். எழுத வேண்டாம், கதையுங்கள். முடிந்தால் முகம் தெரிய வீடியோவில். பிள்ளை சுகமாக இருக்கிறது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்காகத்தான் அவர்கள் அனுப்பினார்கள். அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்பது உங்கள் கடமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்த மூன்று வீட்டுக்கும் காசு வாங்காமல் ஆளுக்கொரு பொதி கொடுத்து விட்டிருப்பேன். பிறகு பக்கத்தில் ஒரு பதிவு போடுங்கள்: எந்தத் திகதி பக்கம் போனது, எந்தத் திகதி வந்தது, இடையில் வந்த செய்தி ஒன்றும் என்னுடையது இல்லை, இப்படித்தான் ஏமாந்தேன். அது கொஞ்சக் காலம் பக்கத்தின் உச்சியிலேயே நிற்கட்டும். அவன் எழுதியதை அழிக்க முதல் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் பொலிஸுக்கும் உதவியிருக்கும், ஆட்களுக்கும் காட்டியிருக்கலாம். சரி, போனது போகட்டும். அந்த மூன்று பேரிடமும் அவர்களுக்கு வந்த செய்தி இன்னும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

களவு நடந்த விதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணித்தியாலத்தில் மூடப்படும், இங்கே அழுத்தி முறையிடுங்கள்" என்று, பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பனியின் சின்னத்தோடு வந்த செய்தி. அழுத்தினால் வருவது பேஸ்புக் போலவே செய்து வைத்த வேறொரு பக்கம். அதில் போடும் கடவுச்சொல்லும் கோட்டும் நேரே அவன் கைக்குப் போகும். உள்ளே வந்ததும் தன்னை நிர்வாகியாகச் சேர்த்துவிட்டு உங்களை நீக்கிவிடுவான். இப்போதே நிர்வாகிகளின் பட்டியலைத் திறந்து தெரியாத பெயர் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். பின்னால் வந்து போக ஒரு கணக்கை உள்ளே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உங்கள் கணக்கு எந்தெந்தப் போனில், கணினியில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் அங்கே இருக்கும். எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டுப் புதிய கடவுச்சொல் வையுங்கள். நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரை இரண்டாவது நிர்வாகியாக முழு அதிகாரத்தோடு சேருங்கள். ஒரு கதவு பூட்டுப்பட்டால் மற்றக் கதவால் உள்ளே வரலாம்.

இன்னொன்று. காசு வாங்கும் வங்கிக் கணக்கு ஒன்றே ஒன்று, அது மாறாது, வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லி என் பெயரில் செய்தி வந்தால் முதலில் எனக்கு அழையுங்கள் என்று எழுதிப் போடுங்கள். உங்கள் ஆட்கள் உங்கள் பக்கத்தை நம்பி வாங்கியவர்கள் இல்லை, உங்களை நம்பி வாங்கியவர்கள். குரலைக் கேட்டால் வருவார்கள்.

கேள்வி: நீளமான கடவுச்சொல் வை, கோட்டைக் கொடுக்காதே என்று எங்களுக்கே புத்தி சொல்கிறீர்கள். கம்பனியின் வாசலே உடைந்தால் நாங்கள் என்ன செய்வது?
– ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: உங்கள் கோபம் நியாயம், சேர். 2018 செப்டெம்பரில் பேஸ்புக்கில் நடந்தது அப்படித்தான். என் பக்கம் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க 'வியூ அஸ்' என்று ஒரு வசதி இருந்தது. அதில் இருந்த ஓட்டைகளால் புகுந்து கணக்குகளின் நுழைவு அடையாளங்களை எடுத்துவிட்டார்கள். மண்டபத்து வாசலில் ஒருமுறை ரிக்கெற்றைப் பார்த்துவிட்டுக் கையில் முத்திரை குத்துவார்களே, அதுபோன்ற ஒன்று அது. முத்திரை இருந்தால் ரிக்கெற் கேட்க மாட்டார்கள். அது இருந்தால் கடவுச்சொல்லும் தேவையில்லை. 40 எழுத்தில் கடவுச்சொல் வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. 50 மில்லியன் கணக்குகள் என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு சுமார் 30 மில்லியன் என்றார்கள். 90 மில்லியன் கணக்குகளை வெளியேற்றித் திரும்ப உள்ளே வரச் சொன்னார்கள். பேஸ்புக் தானாக வெளியே போய்விட்டது, கடவுச்சொல்லும் மறந்துவிட்டது என்று அந்த நாட்களில் என் கடைக்கும் ஆட்கள் வந்தார்கள். அலைச்சல்தான், ஆனால் உடனே சொன்னதையும் எல்லோரையும் வெளியேற்றியதையும் நான் பிழை சொல்ல மாட்டேன்.

2021 ஏப்ரலில் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 533 மில்லியன் பேரின் விவரங்கள், தொலைபேசி எண்ணோடு, இணையத்தில் யாரும் எடுக்கும்படி கிடந்தன. 2019இல் எடுக்கப்பட்ட பழைய தரவு அது என்றது பேஸ்புக்; பயனாளர்களுக்குத் தனித்தனியாக அறிவிக்கும் எண்ணம் இல்லை என்றும் சொன்னது. தொலைபேசி எண் பழசாவதில்லை, சேர். நம்மில் கனபேர் பத்து வருடமாக ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறோம். 2022 நவம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு இதற்காக 265 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. தண்டம் என்றால் அரசாங்கத்துக்குப் போகிற காசு. எண்ணைப் பறிகொடுத்தவருக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

2020 ஜூலை 15 டுவிட்டரில் நடந்தது வேறு மாதிரி. கணினியை உடைக்கவில்லை, ஊழியர்களுக்குத் தொலைபேசி எடுத்து ஏமாற்றி, உள்வேலைக்கான கருவிகளுக்குள் போனார்கள். 130 கணக்குகளைக் குறிவைத்து 45இல் இருந்து பதிவு போட்டார்கள். ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க், ஆப்பிள் கம்பனி எல்லோருடைய கணக்கில் இருந்தும், பிட்கொயின் என்ற டிஜிட்டல் காசை அனுப்பினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவோம் என்று செய்தி. சில மணித்தியாலத்தில் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. நீலச் சரியடையாளம் உள்ள கணக்குகள் பதிவே போட முடியாதபடி டுவிட்டர் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது. முன்னுக்கு நின்றவன் என்று பிடிபட்டவன் 17 வயதுப் பையன். உங்கள் வகுப்பில் இருக்கும் வயது. எங்கள் முள்ளியவளைத் தங்கச்சி ஏமாந்ததும் அந்தப் பெரிய கம்பனியின் ஊழியர் ஏமாந்ததும் ஒரே வழியில்தான்: அவசரம் காட்டினார்கள், அதிகாரி போலக் கதைத்தார்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? உடைபடும் வீட்டுக்குள் எதை வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் இருந்து 2012இல் 6.5 மில்லியன் கடவுச்சொற்கள் வெளியே வந்தன. நாலு வருடம் கழித்து 2016இல் பார்த்தால் 117 மில்லியன். அந்த ஜூன் மாதம் பேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க்குடைய டுவிட்டர் கணக்கையே சிலர் பிடித்தார்கள். லிங்க்ட்இன் கசிவில் கிடைத்த கடவுச்சொல்லால் திறந்தோம் என்று அவர்களே சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு திறப்பு வையுங்கள். அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தகப் படம், காசு போட்ட சிட்டை எல்லாவற்றையும் நாம் மெசெஞ்சரில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். தேடிப் பிடித்து அழியுங்கள். பாடசாலைக் குழுக்களில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் படங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றை முதலில்.

கேள்வி: கடவுச்சொல்லுக்கு மேலே கோட் ஒன்றும் கேட்கும் இரண்டாவது பூட்டுக்குத் தொலைபேசி எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– உயர்தர மாணவி, விசுவமடு

பதில்: எண்ணை விட, கோட் உருவாக்கும் செயலி நல்லது. 2024 ஜனவரி 9 அமெரிக்காவின் பங்குச்சந்தை ஆணைக்குழுவின் எக்ஸ் (முந்தைய டுவிட்டர்) கணக்கைப் பிடித்தவர்கள், அந்தக் கணக்கோடு இணைந்த தொலைபேசி எண்ணைத்தான் முதலில் தங்கள் சிம்முக்கு மாற்றினார்கள். அந்தக் கணக்கில் இரண்டாவது பூட்டும் அப்போது போடப்பட்டிருக்கவில்லை. இன்னொரு விஷயமும் உண்டு, பிள்ளை. பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022இல் டுவிட்டர் 150 மில்லியன் டொலர் கட்டியது. பூட்டுப் போட வந்தவர்களிடமே அப்படிச் செய்தால் அடுத்த முறை ஆர் பூட்டுப் போடுவார்கள்? இருந்தாலும் செயலி சரிவராவிட்டால் எண்ணையாவது கொடுத்துப் பூட்டுங்கள். பூட்டு இல்லாமல் விடாதீர்கள்.

கேள்வி: என் மகன் 2009இல் காணாமல் போனவன். போன மாதம் பிரான்சில் இருக்கும் என் அண்ணன் மகளின் பேஸ்புக்கில் இருந்து, "மாமி, மச்சானைப் பற்றி ஒரு தகவல் கிடைத்திருக்கு, ஆளோடு கதைக்கக் காசு கேட்கிறார்கள், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்" என்று வந்தது. சங்கிலியை அடகு வைத்து 85,000 ரூபா போட்டேன். அவள் தான் எழுதவே இல்லை என்கிறாள். மகனின் பட்டப்பெயர்கூட அந்தச் செய்தியில் இருந்தது. வெளியாளுக்கு அது எப்படித் தெரியும்?
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, மருமகள் சொல்வதை நம்புங்கள். பட்டப்பெயர் வெளியாளுக்குத் தெரிந்தது இப்படி: ஒரு கணக்கைப் பிடித்தவனுக்கு அதில் இருக்கும் பழைய செய்திகள் எல்லாம் கிடைத்துவிடும். நீங்களும் அவளும் இத்தனை வருடமாக மகனைப் பற்றி எழுதியதை எல்லாம் அவன் இருந்து வாசித்திருக்கிறான். உங்கள் வேதனையை வாசித்து, அதைக் கொண்டே உங்களிடம் காசு பறித்திருக்கிறான். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் போராட்டத்தைத் தொடங்கிய நாளில் இருந்து, படத்தைப் பெரிதாக்கித் தாருங்கள், பேஸ்புக்கில் போட்டுத் தாருங்கள் என்று எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் படங்களையும் எண்களையும் கள்ளரும் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. இப்போது நான் போட்டுக் கொடுக்கும் படங்களில் அம்மாவின் எண்ணைப் போடுவதில்லை.

"ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்" என்ற வரி வந்தால் அங்கேயே நில்லுங்கள். நல்ல தகவலைக் கொண்டு வருகிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டு வந்த துண்டுக் கடிதங்களைக் கையெழுத்தைப் பார்த்துத்தானே எங்கள் ஆளுடையது என்று அறிந்தோம். பேஸ்புக்கில் எல்லோருக்கும் ஒரே எழுத்து. இப்போது குரலையும் கணினியால் செய்து விடலாம். அதனால் மருமகளும் நீங்களும் ஒரு கேள்வியைப் பேசி வையுங்கள்: ஐயம்மா வளர்த்த பசுவின் பெயர் மாதிரி, எந்தச் செய்தியிலும் ஒருநாளும் எழுதாத ஒன்று. காசுக் கதை வந்தால் அதைக் கேளுங்கள்.

வங்கிச் சிட்டையையும் அந்தச் செய்தியின் படத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கும் பொலிஸுக்கும் போங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் இது குற்றம். கணினி அவசர உதவிக்கான இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். காசு கட்டாயம் திரும்பி வரும் என்று சொல்லி உங்களை இன்னொரு தடவை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை. ஆனால் மருமகளோடு கோபிக்க வேண்டாம். அவளுக்கும் அவளுடைய மச்சான்தானே.

கேள்வி: ஒரு பொய்ப் பதிவால் பெரிய கம்பனிகளுக்கு உண்மையிலேயே நட்டம் வருமா?
– கடை உரிமையாளர், பரந்தன்

பதில்: வரும். 2013 ஏப்ரல் 23 ஏபி செய்தி நிறுவனத்தின் டுவிட்டர் கணக்கைப் பிடித்து, வெள்ளை மாளிகையில் இரண்டு வெடிப்பு, ஒபாமா காயம் என்று ஒரே ஒரு வரி போட்டார்கள். சில நிமிடத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் சுமார் 136 பில்லியன் டொலர் பெறுமதி விழுந்தது. ஏபி உடனே மறுத்தது, சந்தையும் நிமிடக் கணக்கில் எழுந்தது. மறுப்பு வேகமாக வந்தது, அதைச் சொன்னவர்களை ஆட்களுக்குத் தெரியும். உங்கள் கடையின் பெயரில் நாளைக்கு ஒரு பொய் வந்தால், மறுப்பை எங்கே போடுவீர்கள் என்று இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள். கடை வாசல் பலகையும் அதற்கு நல்ல இடம்தான்.

கேள்வி: இந்த வம்பே வேண்டாம். பேஸ்புக்கை மூடிவிட்டுப் பழையபடி சந்தைக்கே தேனைக் கொண்டுபோகலாமா?
– தேன் விற்பவர், ஒட்டுசுட்டான்

பதில்: அண்ணை, சந்தைக்கும் போங்கள், பக்கத்தையும் வைத்திருங்கள். கொழும்பில் இருந்து உங்களிடம் வாங்குகிறவர் ஒட்டுசுட்டான் சந்தைக்கு வரப்போவதில்லை. ஆனால் பக்கத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். களவு போனால்தான் பக்கம் இல்லாமல் போகும் என்று இல்லை. 2021 ஒக்டோபர் 4 பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எல்லாம் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் அளவில் படுத்துவிட்டன. கம்பனியே தன் வலையமைப்பில் செய்த பிழை அது, தாக்குதல் இல்லை. எங்கள் நாட்டில் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை மறித்தது. எண்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவர்கள் அந்த நாட்களிலும் அழைத்து வியாபாரம் செய்தார்கள்.

வாங்கியவர்களின் எண்கள் எல்லாம் இன்பொக்சில்தான் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். இன்றிரவே மகளை இருத்தி ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்: பெயர், ஊர், தொலைபேசி எண், கடைசியாக வாங்கியது எத்தனை போத்தல்.